இரண்டு அங்குலம் தள்ளிய தட்டு

டைல்ஸ் தொழிற்சாலையில் அவருக்கு வைத்திருந்த பெயர் ரெண்டாந்தரம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டது. சூளையில் வெந்து முடிந்த டைல்ஸ், ஓடும் பெல்ட்டில் வரிசையாக வரும். இவர் உயரமான முக்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் நடுவிரல் கணுவால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்று கேட்டால் வலப்பக்கம் விடுவார். சத்தம் அமுங்கினால் உள்ளே எங்கோ விரிசல் என்று அர்த்தம். இடப்பக்கமாகத் தள்ளி, "ரெண்டாந்தரம்" என்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை நோட்டில் கோடு போட்டுக்கொள்வார். முப்பத்து மூன்று வருஷம் இதுதான் வேலை. ஒரு சொல்லை அத்தனை தடவை சொன்னால் அது சொன்னவர் மேலேயே ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

வீட்டுத் தரை முழுக்க அந்த இரண்டாந்தர டைல்ஸ்தான். தொழிலாளர்களுக்குச் சல்லிசாகக் கொடுப்பார்கள். கூடத்தில் ஒரு சாம்பல் நிறம், அடுக்களையில் ஐந்தாறு விதச் சாம்பல். கதவோரம் ஒரு டைல்ஸ் மூலை தூக்கிக்கொண்டு நிற்கும்; வருகிறவர்கள் எல்லோரும் அதில் கால் கட்டைவிரலை இடித்துக்கொள்வார்கள். நாற்காலியில் ஒரு கால் அட்டை மடித்து முட்டுக் கொடுத்தது. மனைவியின் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் காம்பு நூலால் கட்டியது. மனிதர் எல்லாவற்றிலும் இரண்டாந்தரத்துக்குப் பழகியவர். மீனில் மட்டும் முடியாது. மீன் என்றால் முதல் தரம்தான், அதற்கு ஒரு படி கீழே என்றாலும் வேண்டாம்.

மனைவியின் தம்பி ஒரு வாயாடி. "மாமாவுக்கு உடம்பு நம்ம வீட்ல பொறந்துச்சு, நாக்கு மட்டும் பணக்கார வீட்ல பொறந்துருச்சு" என்பான். அவருக்கு அது வசவாகவே படவில்லை. உள்ளுக்குள் ஏதோ பட்டம் வாங்கியதுபோல் இருக்கும். தொழிற்சாலை மேலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு மீன் எடுக்க வேண்டுமென்றால் வண்டி அனுப்பி இவரைத்தான் கூப்பிடுவார்கள். சந்தையில் இவர் நடந்து வந்தால் மீன்காரர்கள் பழைய கூடையைத் துணி போட்டு மூடுவார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், கடைசியாக மீனை முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். அந்த ஒரு மூச்சில் என்றைக்குப் பிடித்தது, எத்தனை நேரம் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் அவரும் மனைவியும் மகளும் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிற ஹோட்டலுக்குப் போவார்கள். வெள்ளை மேஜைத் துணியும் துணியால் தைத்த கைத்துடைப்பும் உள்ள இடம். ஒரு முழு மீன், கரியில் சுட்டது. அவர்கள் சம்பளத்துக்கு அந்த விலை அநியாயம். மகள் பத்தாவது படிக்கும்போது பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டாள். இந்த மாதம் கையைக் கடிக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த மாதமும் சனிக்கிழமை வந்தது, அவர்களும் போனார்கள். மகள் ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டாள். அவருக்கு அது உறைத்ததா என்றால், உறைத்தது. ஆனால் மீன் ஆறிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுபவரிடம் சமையல்காரரைக் கூப்பிடச் சொல்வார். உள்ளேயிருந்து அவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். இவர் எழுந்து நின்று அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, இன்றைக்கு வாவல் மீன் எப்படி இருந்தது, தோல் எங்கே மொறுமொறுவென்று வந்தது, சதை எங்கே வெண்ணெயாய் விட்டது என்று ஐந்து நிமிஷம் பேசுவார். கண்ணில் நீர்கூடத் துளிர்க்கும். எதிரே மனைவி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் தட்டில் வால் துண்டின் முள் இருக்கும்.

வீட்டிலே கதை வேறு. அவள் பிறந்த வீட்டில் மீன் சமைக்கிற வழக்கம் இல்லை. கல்யாணம் ஆன பிறகு பக்கத்து வீடுகளில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். சட்டைத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் பித்தான் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து, அவர் வாங்கிவைத்த மீனை ஆய்ந்து, கழுவி, வறுத்தோ வேகவைத்தோ வைப்பாள். அவர் ஒரு வாய் எடுப்பார். மெல்லுவார். தட்டை நடுவிரல் கணுவால் இடப்பக்கமாக இரண்டு அங்குலம் தள்ளுவார். வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டார். தள்ளிவைத்த இடத்திலிருந்தே மிச்சத்தைச் சாப்பிட்டு முடிப்பார். பட்டினி கிடக்கிற ஆளா அவர்? தட்டு மட்டும் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும், அவ்வளவுதான். நல்ல நாளில் தட்டு நகராது. அதுதான் அந்த வீட்டில் அதிகபட்சப் பாராட்டு.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு தடவை கேட்டாள். ஹோட்டலிலிருந்து திரும்பி வரும்போது, பேருந்தில்.

"அந்த மீன்ல அப்படி என்னதாங்க இருக்கு? சொன்னா நானும் அதே மாதிரி வச்சுப் பாப்பேன்ல."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "சொன்னா உனக்குப் புரியாது" என்றார்.

கோபத்தில் சொன்னதில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றியது, தோன்றியதைச் சொன்னார். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. மீனில் ஏதாவது வாடை வருகிறது என்று அவள் எப்போதாவது சொன்னால், உன் மூக்கை யார் கேட்டது என்பார். இரண்டு தடவை, மூன்று தடவை அப்படி ஆனதும் அவள் தன் மூக்கைத் தானே நம்புவதை விட்டுவிட்டாள். மீன் விஷயத்தில் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு மூக்கு என்று ஆகிப்போனது.

அந்த மூக்குதான் போன வருஷம் மழைக்காலத்தில் போயிற்று.

ஒரு வாரம் காய்ச்சல். ஏழாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். மனைவி தேநீர் கொடுத்தாள். சுடுதண்ணீரில் சர்க்கரை போட்டதுபோல் இருந்தது. குளிக்கப் போனார், சோப்புக்கு வாசம் இல்லை. கடையில் புதுசு வாங்கியதில் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தார். தலைக்கு எண்ணெய் வைத்தபோது அதற்கும் இல்லை. எல்லாக் கடைக்காரனும் ஒரே நாளில் ஏமாற்றமாட்டான் என்று அப்புறம்தான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்ச் செவுளையும் கண்ணையும் பார்த்து ஒரு சங்கரா வாங்கிவந்தார். அவள் வறுத்து வைத்தாள். வாயில் போட்டார். உப்பு தெரிந்தது, எலுமிச்சைப் புளிப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது. மீன் தெரியவில்லை. ஈரப் பஞ்சை மெல்லுகிற மாதிரி இருந்தது.

மருத்துவரிடம் தனியாகப் போனார். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும், திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் அவர், அடுத்த நோயாளியின் சீட்டைப் பார்த்துக்கொண்டே. இவர் வீட்டில் சொல்லவில்லை. தொழிற்சாலையில் சொல்லவில்லை. ஐந்தாறு மாதத்தில் ஓய்வு. முக்காலியை விட்டு இறங்கினால் டைல்ஸ் தட்டுகிற விரலுக்கு வெளியே என்ன மதிப்பு? மிச்சம் இருந்தது இந்த நாக்கு ஒன்றுதான். அதுவும் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்கார்ந்து மென்றுகொண்டே ஒரு கணக்குப் போட்டார். தட்டைத் தள்ளினால் அவள், 'என்ன குறை, வேகலையா, மீன் பழசா' என்று முகத்தைப் பார்ப்பாள். என்ன குறை என்று இனி அவருக்கே தெரியாது. ஏதாவது சொல்லி மாட்டிக்கொள்வார். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆகவே சொன்னார்.

"நல்லாருக்கு."

அவள் அடுக்களை வாசலில் நின்றாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். மீன் நல்லாருக்கு என்று மறுபடி சொன்னார். அவள் உள்ளே போனாள். தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கவில்லை. குழாய் வெகுநேரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து ஐந்து மாதம் அந்த வீடு வேறு வீடாக இருந்தது. அவள் பித்தான் மிஷின் சம்பளத்தில் கனமான இரும்பு வாணலி ஒன்று வாங்கினாள். மகளுக்கு ஃபோன் போட்டு, அப்பா இன்றைக்கு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று சொன்னாள். மிளகைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தாள், எலுமிச்சையை முதலில் பிழியாமல் கடைசியில் பிழிந்து பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவர் நல்லாருக்கு என்றார். முன்பெல்லாம் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுக்களையிலேயே நின்றுகொண்டு வாலையும் தலையையும் தின்று முடிப்பவள், இப்போது தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார ஆரம்பித்தாள். பித்தான் மிஷின் பக்கத்து இருக்கைக்காரி சொன்ன கதையெல்லாம் சொல்வாள். அவருக்கு வாயில் பஞ்சு, காதில் கதை. இவ்வளவு பேசுவாளா இவள் என்று ஆச்சரியப்பட்டார். ஒரு சொல்லுக்கு இத்தனை விலை என்று தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருக்கலாமே என்றும் ஒரு நாள் தோன்றியது. தோன்றியதை அப்படியே விழுங்கிவிட்டார்.

முதல் சனிக்கிழமை ஹோட்டலையும் விடவில்லை. விட்டால் சந்தேகம் வரும். பஞ்சுக்கு அந்த விலையைக் கொடுத்துவிட்டு, சமையல்காரரைக் கூப்பிட்டு, மனப்பாடமாக இருந்த பழைய வார்த்தைகளைச் சொல்லிக் கையைக் குலுக்கினார். சமையல்காரருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஓய்வு பெறுகிற நாள் நெருங்கியது. பிரிவில் ஆறு பேரை அழைத்து ஒரு மதியச் சாப்பாடு கொடுப்பது அங்கே வழக்கம். ஹோட்டலில் சொல்லிவிடலாம் என்றார் அவர். மறுநாள் காலை அவள் தலை வாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஹோட்டல் எதுக்குங்க? நானே வைக்கிறேன். உங்களுக்குப் புடிச்ச மாதிரிதான் இப்பல்லாம் வருதே."

ஐந்து மாதம் நல்லாருக்கு என்று சொன்ன வாயால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றார்.

எட்டுப் பேருக்குச் சின்ன மீன் கட்டாது. பெரிய சூரையாகப் பார்த்து நடுத்துண்டு வாங்க வேண்டும். விருந்தன்று விடியற்காலை சந்தைக்குப் போனபோது வழக்கமாக வாங்குகிற கடை பூட்டியிருந்தது. இன்னொரு கடையில் தலையும் செவுளும் வெட்டிப்போட்ட ஒரு பெரும் துண்டு இருந்தது. கண் இல்லை, செவுள் இல்லை. பார்த்து முடிவுசெய்ய ஒன்றுமே இல்லை. மூக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும். மீன்காரருக்கு இவரைத் தெரியும். இவர் துண்டைத் தூக்கி முகத்துக்கு நேரே கொண்டுபோனபோது அந்த ஆள் கையைப் பிசைந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். இவர் ஒரு மூச்சு இழுத்து, "ம், எடை போடுங்க" என்றார். மீன்காரர் முகத்தில் ஓடிய ஆச்சரியத்தை இவர் கவனித்தார். தன் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டார். கொடுத்த பணமும் கொஞ்சநஞ்சமல்ல.

காலையில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன். ஒரு மாதிரி வாடை வருது. உங்களுக்கு வருதா பாருங்க."

அவர் அடுக்களைக்குப் போனார். பாத்திரத்தின் மேல் குனிந்தார். மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. காற்று வந்தது, போயிற்று. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மணி ஒன்பதுதான், ஹோட்டலுக்குச் சொல்லி வாங்க நேரம் இருந்தது. அவர் நிமிர்ந்தார்.

"பெரிய மீன்னா அப்படித்தான் இருக்கும். முதல் தரம் இது."

"அப்ப சரி" என்றாள் அவள். "என் மூக்கைப் பத்தித்தான் தெரியுமே." சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் வந்தார்கள். பிரிவு மேற்பார்வையாளர் வாசலில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, நம்ம சரக்குதானா என்று குனிந்து பார்த்துச் சிரித்தார். பேக்கிங்கில் இருக்கிற வேடிக்கைக்காரர் மேஜையில் தட்டிப் பார்த்து, இது முதல் தரம் என்றார். எட்டுப் பேருக்கான அந்தப் பெரிய மேஜை பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்டது. புது வாணலியில் துண்டு துண்டாக வறுத்து அடுக்கிய மீனை அவள் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கண்ணாடிக் காம்பில் நூலை மாற்றி, கண்ணுக்குத் தெரியாதபடி கறுப்பு நூலாகக் கட்டியிருந்தாள். பரிமாறிவிட்டு, உள்ளே போகாமல், கரண்டியோடு சுவரோரம் நின்றாள். அவள் எதற்காக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

மேற்பார்வையாளர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். வாய் நின்றது. பிறகு மெல்லக் கைக்குட்டையை எடுத்தார். கணக்குக் கோடு போடுகிறவர் வாயில் போட்டதைத் தட்டோரமே துப்பிவிட்டுத் தண்ணீரைத் தூக்கிக் குடித்தார். பேக்கிங்காரர் கையில் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டார். ஆறு பேரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். இவர் அதற்குள் இரண்டு வாய் விழுங்கியிருந்தார்.

அந்தச் சில நொடியில் அவர் மனதில் ஓடியதையெல்லாம் சொன்னால் அவருக்கு ஏதோ பெரிய போராட்டம் நடந்ததாக நினைத்துவிடுவீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பயம் வந்தது, விரல் தானாகத் தட்டுக்குப் போயிற்று. நடுவிரல் கணுவால் தட்டை இடப்பக்கமாக இரண்டு அங்குலம் தள்ளினார்.

"ரெண்டாந்தரம்" என்றார்.

மேஜை வெடித்துச் சிரித்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேக்கிங்காரர் சுவரோரம் திரும்பி, "அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க, அண்ணன் இத்தனை வருஷம் எப்படித் தாக்குப்புடிச்சாரு?" என்றார். அதற்கும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. காலையில் நான் கேட்டேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவரை ஒரு தடவை பார்த்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு ஒவ்வொரு தட்டாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். துறைமுகச் சாலை ஹோட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்தார்கள். வந்த மீனைத் தின்று எல்லோரும் ஆகா என்றார்கள். இவரும் எல்லோருக்கும் முன்னால் ஆகா என்றார். மேற்பார்வையாளர் பேசும்போது, இந்த மனிதரின் விரலையும் நாக்கையும் இனி எங்கே தேடுவோம் என்றார். கைதட்டினார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அவர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்பது பேச்சுக்கு. ஒரே பத்தியில் கண் நின்றிருந்தது. அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று நேரமாயிற்று. ஏதோ தாடைக்குக் கீழே குளிர்ச்சியாகப் பட்டதுபோல் இருந்து குனிந்தார். சமைக்காமல் மிச்சம் வைத்திருந்த மீன் துண்டு, ஒரு கிண்ணத்தில், அவர் மூக்குக்கு நேர் கீழே. அவள் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாளோ, அவருக்குத் தெரியாது. அவளே முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

அவர் செய்தித்தாளை மடித்தார். பிறகு இன்னொரு மடிப்பு மடித்தார்.

"காய்ச்சல்லேர்ந்து."

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். ஐந்தாவது விரலில் நிறுத்தி அந்த விரலையே பார்த்தாள். மதியத்தைப் பற்றிக் கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். அதற்கு ஒரு மன்னிப்பு தயாராக வைத்திருந்தார். அத்தனை பேர் முன்னால் வேறு என்ன செய்ய முடியும் என்று ஆரம்பிக்கிற மன்னிப்பு. அவள் அதைக் கேட்கவில்லை.

"அப்ப, நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம்?"

ஐந்து மாதம் கூசாமல் பொய் சொன்ன மனிதர். இன்னும் ஒரு பொய், இல்லை, நிஜமாகவே நன்றாக இருந்தது என்று ஒன்று, சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பாள். இருக்கிற நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடுவாள். ஆனால் தேவையான இடத்தில் பொய் வராது சிலருக்கு.

"ஒண்ணும் தெரியல. அதான் சொன்னேன்" என்றார்.

அவள் தலையாட்டினாள். எதிரே முட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"மூக்கு இருந்த வரைக்கும் ஒரு நாளும் உங்க வாயிலேர்ந்து வரல. மூக்கு போனப்புறம்தான் வந்துச்சு. நான் பைத்தியக்காரி மாதிரி வாணலி வாங்கிட்டு வந்தேன்."

கூடத்தில் புதுக் கடிகாரம் இன்னும் மாட்டாமல் அட்டைப் பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவள் மீன் சமைக்கவில்லை. அவரும் வாங்கிவரவில்லை. வாணலியை அலமாரிக்கு மேலே, துணி சுற்றி வைத்துவிட்டாள். பேச்சை நிறுத்திவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. மின்கட்டணம் கட்டியாயிற்றா, மழை வருகிறது, மகள் ஃபோன் செய்தாள் என்பதெல்லாம் பேசினாள். தன் தட்டை அடுக்களைக்கே திரும்ப எடுத்துப்போய்விட்டாள். அவர் மேஜையில் தனியாக உட்கார்ந்து, உப்பும் காரமும் மட்டும் உள்ளதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். தட்டை நகர்த்தவில்லை. நகர்த்தினாலும் பார்க்க ஆளில்லை.

அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை, மதியம் அவள் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கைப்பையோடு வந்து நின்றாள். கிளம்புங்க என்றாள். அவருக்குப் புரியவில்லை. ஓய்வூதியம் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சம்பளத்தில் பாதிகூட வராத தொகை. இனி அந்த ஹோட்டல் நமக்குக் கட்டுப்படியாகுமா என்று இழுத்தார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வழக்கமான மேஜை. பரிமாறுபவர் வழக்கம்போல அவர் பக்கம் குனிந்தார். அவள்தான் பேசினாள். முழு வாவல் ஒன்று தனக்கு என்றாள். ஐயாவுக்கு என்ன என்று பரிமாறுபவர் கேட்டார்.

"அவருக்கு ஒரு முட்டையும் ரொட்டியும் குடுங்க. அவருக்கு எல்லாம் ஒண்ணுதான்."

பரிமாறுபவர் இவரைப் பார்த்தார். இவர் மேஜைத் துணியின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன் வந்தது. அவள் அவசரப்படவில்லை. கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். முதுகுத் தோலை மெல்ல விலக்கி, நடுச் சதையை எடுத்துச் சாப்பிட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் நடுத்துண்டு தின்று அவர் பார்த்ததில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் முள்ளைத் தூக்காமல் மீனைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் ஆரம்பித்தாள். கன்னத்துச் சதையைக் கடைசிக்கு வைத்திருந்து தின்றாள். அங்கேதான் ருசி என்பது கைதேர்ந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சமையல்காரரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பழக்கத்தில் இவர் பக்கம் போனார். அவள், இங்கே நான்தான் கூப்பிட்டேன் என்றாள். எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே பேசினாள். இன்றைக்குக் கரி கொஞ்சம் ஈரம், அதனால் அடிப்பக்கத் தோலில் லேசாகப் புகை ஏறியிருக்கிறது, ஆனால் அதுவே நன்றாகத்தான் இருக்கிறது. மீன் இன்று விடியற்காலை வந்தது. எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிந்திருக்கிறீர்கள், போன மாதம் முன்னாலேயே பிழிந்து சதையை இறுக்கிவிட்டீர்கள் என்றாள். சமையல்காரர் கை துடைப்பதை நிறுத்தினார். போன மாதம் அடுப்பில் நின்றது என் உதவியாள் அம்மா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். ஒரு வால் துண்டை வைத்துக்கொண்டு அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

சமையல்காரர் இவர் கையைக் குலுக்காமலே உள்ளே போனார். இந்த நாக்கும் இந்த மூக்கும் இத்தனை வருஷம் எங்கே இருந்தன என்று கேட்க இவருக்கு வாய்வரை வந்தது. எங்கே இருந்திருக்கும்? மேஜைக்கு அந்தப் பக்கம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இவர் மேஜை மேல் அவள் பக்கமாகக் குனிந்தார். வாழ்நாளில் முதல்தடவையாக அவளிடம் அதைக் கேட்டார். கெஞ்சுகிற குரலில்தான் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு? கொஞ்சம் சொல்லேன்."

அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்தாள். ஜன்னலுக்கு வெளியே துறைமுகச் சாலையில் லாரி ஒன்று போனது, அதைப் பார்த்தாள்.

"சொன்னா உங்களுக்குப் புரியாது" என்றாள்.

பிறகு பரிமாறுபவரிடம் பில் கேட்டாள். அது வரும்வரை நேரம் இருந்தது; அவர் மிச்சமிருந்த ரொட்டியைத் தின்று முடித்தார்.